அம்மாயி வழியைத் தேட: காகிதமா, எச்சிலா?

பெரியம்மா மகன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். "அண்ணே, போனஸ்ல இருபதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். அம்மாயி சொந்தத்தைத் தேட டி.என்.ஏ. கிட் வாங்கட்டுமா, இல்ல சிலோனுக்கு ஒரு நடை போய் ஆபீஸ் ஆபீஸா விசாரிக்கலாமா?" என்றான். அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. போனில் சொல்லி மாளவில்லை. இதே கேள்வியோடு எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் எங்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆள் எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு, அங்கிருந்து மண்டபம் முகாமுக்கு, அப்புறம் நீலகிரித் தேயிலைக்கு. அண்ணன் இந்த எண்ணிக்கையில் என்றால் தங்கை அந்த எண்ணிக்கையில். 1984இல் கப்பலும் நின்றது. கடிதப் போக்குவரத்து அதற்கு முன்பே பல வீடுகளில் நின்றுபோயிருந்தது.

எங்கள் வீட்டில் நூல் அறுந்தது அதற்கும் முன்னால். அம்மாவுக்கு நாலு வயதாக இருந்தபோது, 1962இல், இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மாயி இறந்துபோனார். தாத்தா மறுமணம் செய்துகொண்டார். அம்மாயியின் பிறந்த வீடு எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவரைப் பெற்றவள் பெயர் என்ன என்று சொல்ல ஆளில்லை. தாத்தா வழியில் ஐந்து தலைமுறைப் பெயரை மாமா மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அம்மாயி வழியில் இரண்டாவது படியிலேயே இருட்டு.

பெண் வழி மட்டும் இப்படி இருண்டுகிடப்பது தற்செயல் இல்லை. இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகப்பனுக்குக் கட்டம், தாய்க்குக் கட்டம். அதற்குக் கீழே பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் எழுத ஒரு கட்டம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் அங்கே பிறந்திருந்தால் அவருக்கும் ஒன்று. பாட்டிக்குக் கட்டமே கிடையாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைத் தகப்பன், தகப்பனைப் பெற்ற பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியில்தான் கணக்கிட்டது. கேட்காத பெயரை எந்தக் கிளார்க்கும் எழுதப்போவதில்லை.

ஆகவே நாம் தேட வேண்டியது தாயைப் பெயர் சொல்லிக் கேட்ட காகிதங்களை. அவை குறைவுதான், ஆனால் இருக்கின்றன. மலைநாட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஊர்நாட்டில் 'இன்னார் மனைவி' என்று மட்டும் பதிவான காலத்தில், தோட்டத்துப் பெண் கொழுந்து பறிக்கும் தொழிலாளியாகத் தன் பெயரிலேயே செக்ரோலில், அதாவது தோட்டத்தின் பேர்ப் பதிவேட்டில், ஏறியிருக்கிறாள். பிரசவகாலச் சம்பளம் கொடுக்க 1939இல் சட்டம் வந்த பிறகு, பிள்ளை பெற்றவள் பெயருக்குத்தான் காசு. 1958இல் ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி வந்தபோது அவளுக்கென்று ஓர் அங்கத்தினர் எண். இந்தப் புத்தகங்களில் தாய்தான் முதல் ஆள்.

ஆனால் அந்தப் புத்தகங்கள் இன்று எங்கே என்பது வேறு கேள்வி. 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றைத் தனியார் கம்பெனிகளிடம் நிர்வாகத்துக்கு விட்டது. துரை மாறும்போதெல்லாம் ஆபீஸ் அலமாரியும் இடம் மாறியிருக்கிறது. நான் எழுதிக் கேட்ட ஒரு தோட்டத்தில், பழைய செக்ரோலெல்லாம் ஈரத்தில் போய்விட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதனால் தோட்டத்துப் பதிவேட்டை நம்பி விமான டிக்கெட் எடுக்காதே. எழுதிக் கேள். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டு டிரங்குப் பெட்டி. எங்கள் பெட்டியில் இருந்தவை: தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட், கண்டியிலிருந்து கொடுத்த குடும்ப அட்டை, அம்மன் படம் ஒட்டிய ஒரு தகர டப்பா. குடும்ப அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம், 'தாய்' என்று தெளிவாக ஒரு பெயர் இருந்ததால். இரண்டு மாதம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் பெரியம்மாதான் சிரித்துக்கொண்டே, "அது சின்னம்மா பேருடா" என்றார். கப்பல் ஏறிய நாளில் தாத்தாவுக்கு மனைவி யாரோ அவரே எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எழுதியிருக்கிறார்கள். பயணக் காகிதம் அன்றைக்கு யார் யாரோடு இருந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். யார் வயிற்றில் பிறந்தார்கள் என்பதற்கு அது சாட்சியில்லை. தாத்தா பாட்டி மறுமணம் செய்த குடும்பங்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் வேறு மாதிரி. அது பிள்ளை பிறந்த சமயத்தில் எழுதப்பட்டது. அம்மாவின் சான்றிதழில் தாய் பெயர் மீனாட்சி. வீட்டில் அம்மாயியை எல்லோரும் கூப்பிட்டது தங்கம். பதிவுப் பேர் ஒன்று, வீட்டுப் பேர் ஒன்று என்பது தோட்டத்தில் சகஜம். அந்தச் சான்றிதழில் எனக்குக் கிடைத்த தங்கம் வேறு: தாய் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். ஹட்டனிலேயே சுற்றிக்கொண்டிருந்த எங்கள் தேடல் ஒரே நாளில் பசறை இருக்கும் ஊவா மாகாணத்துக்குத் திரும்பியது. இதற்கு ஆன செலவு, பிரதி எடுக்கக் கட்டிய கட்டணமும் ஒரு தபால் செலவும்தான்.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில்: அம்மாயியின் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழையும் எடு. ஒன்றில் விட்ட கட்டம் இன்னொன்றில் நிரம்பியிருக்கும். ஒன்றில் இருபத்திரண்டு வயது என்றும் அடுத்ததில் முப்பது என்றும் இருந்தால் மலைக்காதே, வயதெல்லாம் உத்தேசம். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது எளிது. தெரியாவிட்டால் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுகளை எவ்வளவு சுருக்கிக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இறப்புச் சான்றிதழையும் விடாதே. கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயும் ஞானத்தாயும் இருப்பார்கள். ஞானத்தாய் தாய் வழிச் சொந்தமாக இருக்கலாம்.

காகிதமே இல்லாத ஒரு பதிவும் உண்டு, குலதெய்வம். கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுச் சாமிக்கு மாறிவிடுகிறாள். ஆனால் 'எங்கம்மா வீட்டுச் சாமி' என்று பேச்சில் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சாமியின் பெயரோடு ஒரு ஊரும் வரும். துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டை என்று நம் ஆட்கள் கிளம்பிய ஊர்களைப் பிடிக்க இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது. தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தாயின் தாய், தாயின் பாட்டி என்று பெயர் சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் தாயின் பாட்டி என்றால் தாயின் தகப்பனைப் பெற்றவள்தான். பெண் வழி அங்கேயும் ஒரு படியோடு சரி.

சரி, இனி எச்சில்.

டி.என்.ஏ. சோதனை என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் வேறு வேறு சரக்கு. நம் தேடலுக்கு இரண்டு வகை பொருந்தும். ஒன்று ஆட்டோசோமல், அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வந்த மரபணு. இரண்டாவது மைட்டோகாண்ட்ரியா, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. இதை ஆண் பிள்ளையும் வாங்கிக்கொள்வான், ஆனால் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

தாய் வழி தேடுகிறவர்கள் நேராக இரண்டாவதில் போய் விழுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா, அம்மாயி, அம்மாயியின் அம்மா என்று நூல் பிடித்த மாதிரி போகிறதே, இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த நூல் ரொம்ப மெதுவாக மாறுகிறது. 16,569 எழுத்துகள் கொண்ட சின்ன வளையம் அது, பல தலைமுறைக்கு ஒரு எழுத்துகூட மாறாமல் இறங்கும். முழு வளையமும் ஒத்துப்போனால்கூட, பொதுவான பாட்டி 22 தலைமுறைக்குள் இருந்திருப்பாள் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும் என்பது ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. நிறுவனமே கொடுத்துவந்த கணக்கு. 22 தலைமுறை என்றால் சுமார் 550 ஆண்டு. விஜயநகர காலத்துப் பாட்டி ஒருத்தியை வைத்துக்கொண்டு பசறையில் யாரைப் போய்க் கேட்பது? கூடவே ஒரு கிளைப் பெயரும் தருவார்கள், 'எம்' என்று தொடங்குவதாக. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பெருங்கிளையில்தான் இருக்கிறார்கள். விலையோ ஆட்டோசோமலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்போது அது வீணா? இல்லை. ஆள் யாரென்று ஓரளவு தெரிந்த பிறகு, ஆமா இல்லையா என்று தீர்த்துவைக்க அதுபோல வேறு கிடையாது. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பை 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்தத்துக்கு அடியில் தோண்டி எடுத்தார்கள். அவனுடைய அக்காளின் பெண் வழியில் வந்த ஒரு தச்சர் லண்டனில் இருந்தார். அவர் மைட்டோகாண்ட்ரியாவும் எலும்பில் கிடைத்ததும் பொருந்தின. நம்முடைய கேள்விக்கு இதில் பாடம் ஒன்று உண்டு: அந்தத் தச்சரைக் கண்டுபிடித்தது டி.என்.ஏ. இல்லை. மகள், மகளுக்கு மகள் என்று வம்சாவளிக் காகிதங்களில் பதினைந்து தலைமுறைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அவரிடம் போய் நின்றார்கள். டி.என்.ஏ. கடைசியில் முத்திரை குத்தியது. நமக்கும் அப்படித்தான். பசறையில் ஒரு பாட்டி, "தங்கம் எங்க அக்காதான்" என்று சொன்னால், அந்தப் பாட்டியின் மைட்டோகாண்ட்ரியாவையும் பெரியம்மாவுடையதையும் வைத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை என்று துணிந்து சொல்லிவிடலாம். பொருந்தினால் மற்றச் சாட்சிகளோடு சேர்த்து நம்பலாம்.

ஆட்டோசோமலின் பலம் வேறு. அது உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பொதுவாக இருக்கும் மரபணுவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். அம்மாயிக்கு ஒரு தங்கை இருந்து, அந்தத் தங்கையின் பேத்தி எங்கோ சோதனை செய்திருக்கிறாள் என்று வை. அவளுக்கும் எனக்கும் சராசரியாக 230 சென்டிமார்கன் ஒத்துப்போகும். அவளுக்கும் பெரியம்மாவுக்கும் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு தலைமுறை இறங்கினால் பாதி போய்விடுகிறது. இன்னும் ஒரு படி தள்ளிய உறவென்றால் பத்தில் ஒருவரோடு ஒத்துப்போக ஒன்றுமே இல்லாமல் போகலாம், அதற்கடுத்த படியில் பாதிப் பேரோடு. அதனால் தம்பி தன் எச்சிலைத் துப்பிக் காசைக் கரியாக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்களில் அம்மாயிக்கு மிக நெருக்கமானவர் யாரோ அவர்தான் துப்ப வேண்டும், அதுவும் இந்த வருஷமே. காகிதத் தேடல் பத்து வருஷம் காத்திருக்கும். எழுபத்தைந்து வயதுக்காரர் காத்திருக்க மாட்டார்.

அப்படியானால் பெரியம்மாவா, மாமாவா? இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கையான உண்மை கிடைத்தது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அது முழுக்கத் தாயிடமிருந்து வந்தது. அம்மாயியின் வயிற்றில் பிறந்த மாமாவின் எக்ஸில் தாத்தாவின் கலப்பு ஒரு துளியும் கிடையாது. பெரியம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்று தாத்தா கொடுத்தது, எது எது என்று பிரிப்பது சள்ளை. மைட்டோகாண்ட்ரியா மாமாவிடமும் இருக்கிறது. ஆக, காசு ஒரு கிட்டுக்குத்தான் என்றால் அது அம்மாயியின் மகனுக்கு. காது குத்தில் மட்டுமில்லை, இதிலும் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. இரண்டு கிட்டுக்கு வசதி இருந்தால் பெரியம்மாவையும் சேர்க்கலாம். கூடப் பிறந்த இருவரைச் சேர்த்தால் அம்மாயியின் மரபணுவில் ஏறத்தாழ முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும்.

மூன்றாவதாக இன்னொருவரும் எங்கள் வீட்டில் பயன்படுவார்: தாத்தாவின் இரண்டாம் மனைவியான சின்னம்மாவின் மகன், எங்களுக்குச் சின்ன மாமா. அவருக்குத் தாத்தாதான் தகப்பன், தாய் வேறு. பெரியம்மாவின் பட்டியலில் வரும் ஒரு ஆள் இவர் பட்டியலிலும் வந்தால், அந்த ஆள் பெரும்பாலும் தாத்தா வழி. ஓரமாக வைத்துவிடலாம். மறுமணம் நடந்த குடும்பத்துக்கு இப்படி ஒரு சல்லடை வாய்க்கிறது. ஆனால் இறந்த அக்காள் இடத்துக்குத் தங்கையையே கட்டிவைத்த வீடுகளில் இந்தச் சல்லடை ஓட்டை, ஏனென்றால் இரண்டு மனைவிக்கும் தாய் ஒருத்தியே. அதேபோல் சல்லடையில் மாட்டாத எல்லாரும் அம்மாயி வழி என்றும் அர்த்தமில்லை. தாத்தாவின் மரபணுவில் பாதிதானே சின்ன மாமாவுக்கு வந்திருக்கிறது.

நம் ஆட்களுக்கென்றே இருக்கும் பெரிய சிக்கல் சொந்தத்துக்குள் கல்யாணம். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் ஒரே பாட்டி இரண்டு இடத்தில் வருவாள். பிள்ளைக்கு அவள் அப்பாவின் அம்மா, அம்மாவுக்கு அம்மாயியும் அவளே. காகிதத் தேடலில் இது வரம். தாய் வழியில் தொலைந்தவள் தகப்பன் வழியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பாள், தாத்தா பாட்டி எப்படிச் சொந்தம் என்று முதலில் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. டி.என்.ஏ.வில் இதுவே சாபம். 2017இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டது. ஆதியில் சிலபேர், அப்புறம் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல். விளைவு, தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம்போலப் பட்டியலில் மேலே வந்து நிற்கும். எனக்கு 120 சென்டிமார்கனில் ஒருவர் வந்தார். ஆஹா என்று விரித்துப் பார்த்தால் எல்லாம் எட்டு, பத்து என்று துண்டு துண்டாகக் கிடந்தது. நெருங்கிய சொந்தமென்றால் நாற்பது, ஐம்பது என்று நீளமாக ஒரு துண்டாவது இருக்க வேண்டும். நம் பட்டியலில் மொத்தத்தைவிட, நீளமான துண்டு எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டியலில் வரும் பெயர்களும் உதவாது. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல். ஆர். முருகன் என்று ஒருவர் வந்தால் அவர் யாராகவும் இருக்கலாம். மேலும், கோத்தகிரியிலோ பசறையிலோ யார் எச்சில் துப்பி அனுப்புகிறார்கள்? ஆன்செஸ்ட்ரி என்ற சோதனைக் கம்பெனியில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் இருந்தும் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தார். நம் பக்கத்து ஆட்கள் கனடா, பிரிட்டன் பக்கம் போனவர்கள்தான், அதிலும் யாழ்ப்பாணத்தார் அதிகம், தோட்டத்துக்காரர் குறைவு. 'நீங்கள் தென்னிந்தியர்' என்று ஒரு வரைபடத்தில் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அதற்குக் காசு கொடுப்பானேன், கண்ணாடி போதும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். காகிதங்களில் பல போலி என்று பின்னால் வெளியே வந்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் அவர்கள் தாயைத் தேடி டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். தோட்டத்துத் தாய்மாரின் பிள்ளைகளும் அதில் இருக்க வாய்ப்புண்டு. நம் பட்டியலில் டச்சுப் பெயரோடு ஒரு நெருங்கிய சொந்தம் வந்தால் திகைக்காதே. அவர்கள் தேடுவது நாம் தேடுவதைவிட வலி மிகுந்தது. முதல் கடிதத்திலேயே 'எங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைக் கொடுக்கவில்லை' என்று எழுதிவிடாதே. இங்கே யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வை. பெரியவர்களிடம் எச்சில் வாங்கும் முன் இப்படியும் ஏதாவது வெளியே வரலாம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆன்செஸ்ட்ரியில் கூட்டம் அதிகம், ஆனால் எக்ஸ் ஒப்பீட்டைக் காட்டாது. மைஹெரிட்டேஜில் ஐரோப்பியர் அதிகம், தத்துப்போன பிள்ளை யாரையாவது தேடுகிறவர்கள் அதைப் பார்க்கலாம். 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது, 2025 மார்ச்சில் திவால் மனு, அப்புறம் கைமாறியது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ.வில் ஆள் குறைவுதான். ஆனால் எக்ஸைக் காட்டும், மாதிரியைப் பத்திரப்படுத்தி வைக்கும், ஆட்டோசோமல் எடுத்துவிட்டுப் பின்னால் அதே மாதிரியில் மைட்டோகாண்ட்ரியாவும் பார்க்கச் சொல்லலாம். முடிவுக் கோப்பை இறக்கி, ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டு இணையதளத்தில் ஏற்றினால் மற்றக் கம்பெனிக்காரர்களோடும் ஒப்பிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அனுபவத்தில் கண்டது. முன்பு ஒரு தடவை துப்பும் வகைக் கிட் ஒன்றைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். குழாயில் கோடு வரை எச்சில் நிரம்ப வேண்டும், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. பெரியம்மா வாயில் வெற்றிலை இல்லாமல் அரை மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. கொப்பளிக்கச் சொன்னேன், மூன்று முறை கொப்பளித்தும் சிவப்பாகவே வந்தது. அப்புறம் வாய் காய்ந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் கோட்டுக்குப் பாதிகூட வரவில்லை. "இதுக்கு ரத்தமே குடுத்துருப்பேன்" என்றார். அந்தச் சோதனை மாதிரி போதவில்லை என்று தோற்றுத் திரும்பியது. ஃபேமிலி ட்ரீயில் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தால் போதும். பல் இல்லாத, வாய் காய்ந்த வயசாளிகளுக்கு இதுதான் சரிப்படும். வெற்றிலையைக் காலையில் எழுந்ததும் போடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, தம்பியின் இருபதாயிரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். ஐந்தாயிரத்துக்குள் காகிதம்: அம்மாயியின் நாலு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அம்மாயியின் இறப்புச் சான்றிதழ், 1930ஐ ஒட்டிப் பசறைப் பக்கத்தில் மீனாட்சி என்ற பெண் குழந்தையின் பதிவுக்கு ஒரு தேடல். மாமாவுக்கு ஒரு ஆட்டோசோமல் கிட், பஞ்சுக் குச்சி வகை. மிச்சத்தைத் தொடாதே, பசறையில் ஆள் அகப்பட்டால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அப்போது வேண்டும். இலங்கைப் பயணம் சான்றிதழ்கள் வந்த பிறகு.

எல்லாருக்கும் இதே வரிசை என்று சொல்லவில்லை. தாய் யாரென்றே காகிதத்தில் இல்லாமல் தத்து வந்தவருக்கு ஆட்டோசோமல்தான் முதல், காகிதம் பிறகு. பெயரும் ஊரும் தெரியும், இரண்டு குடும்பம் ஒன்றா என்று மட்டும்தான் சந்தேகம் என்றால் நேராக மைட்டோகாண்ட்ரியா. ஆதிப் பாட்டி எந்தக் காலத்தில் எங்கே இருந்தாள் என்று சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கும் அதுவே.

மாமா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. கணக்கு தம்பி பெயரில் வேண்டாம், கூடலூரில் இருக்கும் தன் மகள் பெயரில் இருக்க வேண்டுமாம். "உங்களுக்கு அம்மாயின்னா அவளுக்கு அப்பாயி இல்லையா?" என்றார். போன வாரம் கிட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பெரியம்மாவின் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் தோட்டத்தின் டிவிஷன் பெயரை மட்டும் நிரப்பவில்லை. மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா என்று கேட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, என்றார் பெரியம்மா. அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.